ஊர்ச் செய்தி ஊரார் வசம் இருக்கட்டும்

ஏறாவூரில் காலையில் ஒருவர் மௌத்தானால், அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸா நல்லடக்கம் என்ற செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஊருக்குள் சொல்லப்படும் அதே வேளையில், கத்தாரிலும் ஜித்தாவிலும் தொழில் செய்யும் பிள்ளைகளுக்கும், காத்தான்குடியிலும் ஓட்டமாவடியிலும் கலியாணம் முடித்துப் போன உறவினருக்கும் அது முகநூல் பக்கங்களின் வழியாகவே போய்ச் சேருகின்றது. அல்லது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். முகநூலோ, செய்திகளை அவை எழுதப்பட்ட நேர வரிசையில் வழக்கமாகக் காட்டுவதில்லை. எதைக் காட்டினால் பார்ப்பவர் இன்னும் சிறிது நேரம் தங்குவார் என்று கணக்கிட்டே அது வரிசைப்படுத்துகின்றது. ஆகவே, மையவாடியில் மண் போட்டு முடிந்த பின், மறுநாள் இரவில், ஒரு சினிமாப் படத்துக்கும் ஒரு சவர்க்கார விளம்பரத்துக்கும் நடுவில் சிலருக்கு அந்த அறிவித்தல் தென்படுகின்றது. அதன்கீழ் ஒரு துஆவை எழுதிவிட்டு அடுத்ததைப் பார்ப்பதல்லாமல் அவர்கள் செய்வதற்கு வேறொன்றும் மிஞ்சியிருப்பதில்லை.

இரத்தம் வேண்டுமென்ற அவசரக் கோரிக்கை, வெள்ள காலத்தில் எந்த வீதி மூடப்பட்டிருக்கின்றது என்ற தகவல், தொலைந்துபோன அடையாள அட்டை, பழைய மாணவர் ஒன்றுகூடல், கோயில் திருவிழாப் படங்கள் என்று ஓர் ஊரின் அன்றாட வாழ்வு முழுவதும் இன்று அந்நியக் கம்பனிகள் இரண்டொன்றின் தயவில் நிற்கின்றது. அந்தப் பெருந்தளங்களை விட்டு, எவருக்கும் ஏகபோகமில்லாத பரவலாக்கப்பட்ட தளங்களுக்கு உலகெங்கும் சமூகங்கள் குடிபெயரத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில், நமது ஊர் ஸ்தாபனங்களும் அவ்வழியை நாடவேண்டும் என்பதே எமது அபிப்பிராயம்.

இதற்கு வேறெங்கும் போய் நியாயம் தேடவேண்டிய அவசியம் இந்நாட்டவருக்கு இல்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஓர் உணவுக்கடையில் மலட்டு மாத்திரை கலக்கப்படுவதாக எழுந்த பொய் வதந்தியும், அதையடுத்து மார்ச்சில் திகனையிலும் கண்டியின் ஏனைய பகுதிகளிலும் எரிந்த வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் நாம் மறக்கக்கூடியவை அல்ல. அந்த நாட்களில், முஸ்லிம்களைக் கொல்லுமாறும் கைக்குழந்தையைக்கூட விட்டுவைக்க வேண்டாமென்றும் சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு பதிவைப் பற்றி முகநூலிடம் முறையிட்டவருக்கு, அது தமது விதிகளை மீறவில்லை என்ற பதிலே ஆறு நாட்களின் பின் கிடைத்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உள்ளிட்ட சிவில் அமைப்புகள் அவ்வாண்டு ஏப்ரலில் அக்கம்பனியின் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் இதனை எடுத்துக்காட்டியது. கம்பனி மன்னிப்புக் கேட்டது 2020 மேயில். இரண்டு வருடங்களுக்கு மேல் கழிந்து வந்த அந்த மன்னிப்பினால் எரிந்த கடை ஒன்றும் திறக்கப்படவில்லை.

அரசாங்கம் கண்ட பரிகாரமோ நோயிலும் விசித்திரமானது. 2018 மார்ச் 7ஆந் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் வைபரும் நாடு முழுவதும் தடுக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்த பின் மீண்டும் தடுக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆந் திகதி, வீதிக்கிறங்கிய மக்களுக்கு அஞ்சி இன்னொரு முறை தடுக்கப்பட்டன. துவேஷம் கக்கிய பதிவும் இரத்தம் கேட்ட தாயின் பதிவும் ஒரே வாசலால் வந்து போனதனால், ஒன்றை மறிக்க முனைந்தபோது மற்றதும் மறிக்கப்பட்டது. அரசாங்கத்தின் கை படாமலும் இது நேரும் என்பதை 2021 ஒக்டோபர் 4ஆந் திகதி இரவு கண்டோம். ஒரே கம்பனியின் உள்வலையமைப்பில் பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த ஒரு பிழையினால் முகநூல், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் உலகெங்கும் ஊமையாயின.

மாற்று வழி யாது என்று கேட்போருக்கு, நமது பள்ளிவாசல்களையே உதாரணம் காட்டலாம். ஒவ்வொரு மஹல்லாவுக்கும் தனித்தனி நிர்வாக சபை, தனித்தனிக் கணக்கு, தனித்தனி ஒழுங்கு. ஆயினும் காத்தான்குடியிலிருந்து வந்தவர் ஏறாவூர்ப் பள்ளியின் ஸஃப்பில் நிற்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஒரு பள்ளி திருத்த வேலைக்காக மூடப்பட்டால் மற்றப் பள்ளிகளில் ஜமாஅத் நடந்துகொண்டேயிருக்கும். 2016இல் ஜெர்மனியில் ஒய்கன் ரொக்கோ என்ற இளைஞர் தொடக்கிய மாஸ்டடோன் இவ்விதமாகவே அமைந்தது. அதன் மென்பொருளை எவரும் இலவசமாக எடுத்துத் தமது சொந்த சேர்வரில் நிறுவலாம். உலக வலையின் நியமங்களை வகுக்கும் ஸ்தாபனம் 2018 ஜனவரியில் அங்கீகரித்த அக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையைப் பின்பற்றுவதனால், ஒரு சேர்வரில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரைப் பின்தொடரவும் பதில் எழுதவும் முடிகின்றது. நாம் பின்தொடர்வோரின் செய்திகள் எழுதப்பட்ட நேர வரிசையிலேயே வந்து சேரும், விளம்பரம் கிடையாது. புளூஸ்கையும் திறந்த நெறிமுறையில் எழுந்ததே. ஆனால் அதன் பயனாளரிற் பெரும்பாலோர் இன்னும் ஒரே கம்பனியின் சேர்வர்களில் குடியிருக்கும் வரையில், அதை முழுமையான பரவலாக்கம் என்று ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமுண்டு.

கோபத்தில் வெளியேறுவது வேறு, குடியேறுவது வேறு. 2019 ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் சிரேஷ்ட வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு, நாஜி வணக்கம் செலுத்த மறுத்துக் கூட்டத்தின் நடுவே கைகட்டி நிற்கும் ஒரு மனிதரின் புகழ்பெற்ற படத்தை முகப்பில் வைத்திருந்தமையால் முடக்கப்பட்டதையடுத்து, இந்தியர் பலர் ஆவேசத்துடன் மாஸ்டடோனுக்குப் போயினர். ஆவேசம் தணிந்ததும் அவர்களிற் பலர் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டனர். 2022 ஒக்டோபர் இறுதியில் எலோன் மஸ்க் டுவிட்டரை வாங்கிய பின் மாஸ்டடோனில் மாதந்தோறும் இயங்குவோர் தொகை 25 லட்சம் வரை ஏறி, பின்பு இறங்கியது. தனி மனிதர் தனியாகப் போனால் அங்கே பேசுவதற்கு ஆளிருப்பதில்லை. ஆளில்லாத இடத்தில் எவர்தான் தங்குவார்? ஆகையால் முதலிற் போகவேண்டியவை, மக்கள் தேடிச் செல்லும் தகவலைத் தம் கையில் வைத்திருக்கும் ஸ்தாபனங்களே. பள்ளிவாசல்களின் சம்மேளனம், கோயில் பரிபாலன சபைகள், அலிகார் தேசிய பாடசாலையின் பழைய மாணவர், நகரசபை, வாசிகசாலை ஆகியன தமது அறிவித்தலை முதலில் தமது சொந்தத் தளத்தில் இட்டு, அதன் பிரதியை முகநூலுக்கும் வட்ஸ்அப்புக்கும் அனுப்பினால் போதும். எவரும் எதையும் உடனே கைவிட வேண்டியதில்லை.

ஆக்ஷேபங்கள் இல்லாமலில்லை. சேர்வருக்கான மாத வாடகை அற்பமே. அதைப் பராமரிக்கும் உழைப்பு அற்பமல்ல. மாஸ்டடோன்.லோல் என்ற சேர்வரைத் தனியொருவராக நடத்தியவர், ஓயாத சச்சரவுகளால் மனம் சலித்து 2023இல் அதை மூடியபோது ஆயிரக்கணக்கானோர் வேறிடம் தேட நேர்ந்தது. அப்படி மாறுகிறவர் தம்மைப் பின்தொடர்வோரை அழைத்துச் செல்லலாம். பழைய பதிவுகளைக் கொண்டுசெல்ல முடியாது. துவேஷக்காரரும் தமக்கென ஒரு சேர்வர் அமைத்துக்கொள்ளலாம் என்பதும் மெய்யே. 2019இல் அமெரிக்காவின் காப் என்ற தீவிர வலதுசாரித் தளம் மாஸ்டடோன் மென்பொருளுக்கு மாறியபோது, ஏனைய சேர்வர்கள் பெருந்தொகையாக அதனுடன் தொடர்பை அறுத்துக்கொண்டன; வாசலை யாருக்கு அடைப்பது என்ற தீர்மானம் ஒவ்வொரு சமூகத்தின் கையிலும் இருந்தது. எமக்கு இவற்றிலும் பெரிதாகத் தோன்றும் அச்சம் உள்ளூரிலேயே இருக்கின்றது. நிர்வாகத் தெரிவிலோ தேர்தலிலோ ஒரு கட்சியாய் நின்றவரிடமே சேர்வரின் சாவியும் இருக்குமாயின், கலிபோர்னியாவிலுள்ள முகநூல் கம்பனியின் அலட்சியத்துக்குப் பதிலாக நமது தெருவின் பாரபட்சத்தையே பெற்றுக்கொள்வோம். ஆகவே சாவி ஒருவரிடம் இருத்தல் கூடாது. தமிழரும் முஸ்லிம்களும் பெண்களும் அடங்கிய ஒரு சபை, எழுதி வைத்த விதிகளின்படி அதை நடத்தவேண்டும். 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் பொறுப்புகள் சிறு தளங்களை நடத்துவோரையும் தொடக்கூடியவை என்பதால், ஒரு சட்டத்தரணியின் ஆலோசனையும் ஆரம்பத்திலேயே தேவை.

இத்தகைய காரியம் நம்மவரால் ஆகாது என்போர் நூலகத் திட்டத்தைப் பார்க்கட்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் ஒரே இரவில் ஒரே கூரையின் கீழ் எரிந்த நாட்டில், 2005இல் தொடங்கிய அத்தன்னார்வ முயற்சி, கிழக்கின் வெளியீடுகளும் முஸ்லிம் எழுத்தாளரின் நூல்களும் உட்பட ஆயிரக்கணக்கான ஏடுகளை எண்ணிமமாக்கி, எவரும் இலவசமாகப் பிரதி எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்திருக்கின்றது. அதைத் தமிழ் பேசும் மக்களின் நன்கொடையும் ஓய்வு நேரமும் நடத்துகின்றன. எந்தப் பெருங்கம்பனியின் தயவும் அதற்குத் தேவைப்படவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கணினி பயிலும் நமது பிள்ளைகள் அங்கே இருக்கின்றனர். பரீட்சைக்காகச் செய்துவிட்டு மறந்துபோகும் செயற்றிட்டங்களுள் ஒன்றை, ஊருக்கான இந்தச் சேர்வராக அமைக்க விரிவுரையாளர்கள் இடங்கொடுத்தால், தொழில்நுட்பச் சிரமத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மேலே பெயர் சொல்லப்பட்ட ஸ்தாபனங்கள் அடுத்துவரும் தமது ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவ்விஷயத்தைச் சேர்த்து, இரண்டு இளைஞரையும் ஒரு சிறு தொகையையும் ஒதுக்கி, முதற்படியாக ஜனாஸா மற்றும் மரண அறிவித்தல்களையும் வெள்ள அறிவித்தல்களையும் சொந்தத் தளத்திலிருந்து வெளியிட ஆரம்பிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். வடகீழ்ப் பருவ மழைக்கு முன் இது நடந்தால் மிக நல்லது.