முத்தையா முதலியாரும் தலையெழுத்தும்

மந்திரி ஊருக்கு வருகிறார் என்றால் வாழைமரம் கட்டுவதும், மாலை போடுவதும், கோவில் குருக்கள் பூரண கும்பத்தோடு எதிரே நிற்பதும், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஏழைகள் வெயிலில் காத்துக் கிடப்பதுமே நம் ஜனங்கள் கண்ட காட்சி. மங்களூர், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கங்களில் மட்டுமல்ல, எங்கும் அப்படித்தான். மந்திரி போன பிறகு வாழைமரம் மாட்டுக்கு ஆகிறது. மனு எதற்கு ஆகிறதென்பது ஒருவருக்கும் தெரிவதில்லை. ஆகவே ஒரு மந்திரியால் உண்மையிலேயே ஆகக்கூடியது என்ன என்பதற்கு எஸ். முத்தையா முதலியாரை எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

1883-ல் பிறந்து 1953-ல் காலஞ்சென்ற இவர், ஜஸ்டிஸ் கட்சியின் பேரால் மந்திரியானவரல்ல. சுயராஜ்யக் கட்சியில் இருந்தவர். சைமன் கமிஷன் பகிஷ்காரத் தகராறில் 1928-ல் டாக்டர் சுப்பராயன் மந்திரிசபையிலிருந்து இருவர் விலகவே, அவ்விடங்களுக்கு வந்தவர்கள் இவரும் சேதுரத்தினம் அய்யரும் ஆவார்கள். 1930-ல் அம்மந்திரிசபை முடிந்துவிட்டது. ஆக இவர் பதவியில் இருந்தது சுமார் இரண்டரை வருஷந்தான்.

உத்தியோகத்தில் எல்லா வகுப்பாருக்கும் பங்கு வேண்டுமென்று 1921-லேயே ஜஸ்டிஸ் மந்திரிசபை உத்தரவு போட்டது. ஆனால் அதை நடத்தவேண்டிய அதிகாரிகளின் மேஜையிலேயே அது தூங்கிற்று. 1925-ல் காஞ்சிபுரம் மகாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானத்துக்கு இடமில்லை என்றதும் பெரியார் காங்கிரசைவிட்டே வெளியேறினார். முத்தையா முதலியாரோ 1928-ல் தமது கைக்குள் இருந்த பதிவு இலாகாவிலேயே வகுப்புவாரி முறையை நடத்திக் காட்டினார். பிறருக்கு உபதேசம் செய்யாமல் தம் வீட்டிலிருந்து ஆரம்பித்தார் என்பதுதான் இதில் விசேஷம்.

பதிவு இலாகா என்றால் லேசாக நினைக்கவேண்டாம். கலெக்டரைக் காணாத குடியானவன் உண்டு. ரிஜிஸ்தரார் கச்சேரியைக் காணாதவன் அருமை. காணி விற்றாலும், கடனுக்கு அடமானம் வைத்தாலும், பெருவிரல் நாட்டவேண்டிய இடம் அது. அங்கே மேஜைக்கு அந்தப்புறம் உட்காருவது ஒரே ஜாதி, இந்தப்புறம் கைகட்டி நிற்பது மற்ற ஜாதிகள் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவன், அதைப் பிரமன் எழுதிய தலையெழுத்து என்றே நம்பிவிட்டான். அப்படிப்பட்ட எழுத்தைச் சென்னைக் கோட்டையிலிருந்து போன ஒரு காகிதம் திருத்திற்றென்றால், பிரமன் எழுதிய மை எவ்வளவு கெட்டியானது என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்!

அக்கணக்காவது: 12 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. நூற்றுக்கு மூன்று பேரே உள்ள பார்ப்பனருக்கு ஆறில் ஒரு பங்கு கிடைத்தும் "வகுப்பு துவேஷம்" என்ற கூச்சல் அவர்களிடமிருந்துதான் வந்தது. உண்மையில் குறை சொல்ல உரிமையுள்ளவர்கள் தாழ்த்தப்பட்ட தோழர்களே. ஏறக்குறைய ஆறில் ஒருவராய் இருந்த அவர்களுக்குப் பன்னிரண்டில் ஒன்று என்பது பாதிப் பங்குதானே? பெரியார், பிறக்கும் குழந்தைகளுக்கு முத்தையா என்று பெயரிடச் சொன்னதை நாமும் மனமார ஒப்புகிறோம். அதற்காக இந்தக் குறையை மறைக்கவேண்டியதில்லை. 1947-ல் கணக்கு 14 ஆக்கப்பட்டபோது அவர்கள் பங்கு 2 ஆயிற்று.

நிற்க. இம்முறை கல்லூரிகளிலும் கைக்கொள்ளப்பட்டு வந்ததை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் என்ற அம்மையார், வைத்தியக் கல்லூரியில் தமக்கு இடம் கிடைக்காதென்று வழக்காடினார். அவர் அக்கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! ஆயினும் 1950-ல் சென்னை ஹைகோர்ட்டும், 1951-ல் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவு செல்லாதென்றன. பெரியாரின் கிளர்ச்சி நாடெங்கும் பரவிற்று. 1951 ஜூன் மாதத்திலேயே அரசியல் சட்டம் முதல் தடவையாகத் திருத்தப்பட்டது.

நமது மங்களூர் தனித் தொகுதியாக இருந்தது. 2001-ல் தோழர் தொல். திருமாவளவன் அங்கிருந்தே சட்டசபைக்குச் சென்றார். பிறகு அமைந்த திட்டக்குடித் தனித் தொகுதியிலிருந்து 2021-ல் தோழர் சி.வெ. கணேசன் தொழிலாளர் நல மந்திரியானார். நாற்காலி கிடைத்ததில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் சர்க்கார் காரியாலயங்களில் கண்டிராக்ட்காரர் மூலம் ஆள் வைக்கும் வழக்கம் வளர்ந்துவருகிறது. அப்படி வைக்கும்போது எந்தச் சுற்று முறையைப் பார்த்து வைக்கிறார்கள்? விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் மண் சுமந்தவன் மகன் படித்துவிட்டுப் போய் நிற்பது இந்தக் கண்டிராக்ட்காரர் வாசலில்தான். அடுத்த முறை மந்திரியோ அபேட்சகரோ மங்களூருக்கு வந்தால், வாழைமரம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளும்படி தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.