முச்சலிக்காவுக்கும் அப்பீல் வேண்டும்

அபராதத்தைக் கட்டியாயிற்று, கேஸ் ஒழிந்தது என்று எண்ணிக் கோர்ட் படியிறங்கும் தொழிலாளி, தன் காலில் இன்னொரு கயிறு கட்டப்பட்டிருப்பதைப் பல சமயம் கவனிப்பதில்லை. அந்தக் கயிற்றுக்குப் பெயர் சமாதான ஜாமீன். அமைதிக்குப் பங்கம் விளைவிக்க மாட்டேன், விளைவித்தால் இவ்வளவு ரூபாய் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் முச்சலிக்கா அது. மூன்று வருஷம் வரை கட்டிப் போடலாம்.

அடிதடி, மிரட்டல், சொத்துச் சேதம், சட்டவிரோதக் கூட்டம் போன்றவற்றில் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்கும் செஷன்ஸ் கோர்ட்டோ முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டோ, அவசியம் என்று கருதினால், தண்டனை சொல்லும்போதே இதையும் உத்தரவிடலாம். வெள்ளைக்காரன் 1898-ல் போட்ட கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் இது 106-வது பிரிவு. 1973-ம் வருஷச் சட்டத்திலும் அதே 106. 2024 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 125. நம்பர்தான் மாறியது, சரக்கு மாறவில்லை.

இந்தப் பிரிவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. காலனிக்குள் புகுந்து அடித்தவன், தண்டனைக்குப் பிறகும் அதே தெருவில் மீசை முறுக்கி நடக்கும்போது, அடிபட்டவர்களுக்கு இந்த முச்சலிக்கா ஒரு வேலி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ பிரிவுப்படி, தண்டனை பற்றிய விசாரணையில் பாதிக்கப்பட்டவர் பேச உரிமை உண்டு. அங்கே எழுந்து இந்த ஜாமீனைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே வேலி நம் பக்கம் திரும்பும்போது என்ன ஆகிறது? முகையூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கரும்பு வெட்டுக் கூலித் தகராறு என்று வைத்துக்கொள்வோம். கைகலப்பாகி இரு தரப்பிலும் கேஸ். வாய்தாவுக்கு வாய்தா அலைந்தால் கூலியும் போச்சு, பஸ் சார்ஜும் போச்சு. "ஒப்புக்கொண்டு விடப்பா, அபராதத்தோடு போகும்" என்று யாரோ புத்தி சொல்கிறார். தோழரும் ஒப்புக்கொள்கிறார். சிறு தொகை அபராதம், கூடவே இரண்டு ஜாமீன்தாரருடன் மூன்று வருஷ முச்சலிக்கா! ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் கிடைக்கும் வரை, அல்லது அந்தக் காலம் முடியும் வரை, வெறுங்காவல். கிடைத்தாலும், அடுத்த வெட்டுக்குக் கூலி பேச முன்னால் நிற்க அவருக்கு நாக்கு எழுமா? பண்ணைக்காரர் புகார் எழுதிப் போட்ட மாத்திரத்தில் ஜாமீன் தொகை பறிபோகாது, முச்சலிக்காவை மீறியது கோர்ட்டில் ருசுவாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் பயம் அதற்கு முன்பே தன் வேலையைச் செய்து விடுகிறதே.

அப்பீல் போகலாமே என்பீர்கள். சூது இங்கேதான் இருக்கிறது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் போட்ட அபராதம் 100 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அப்பீல் இல்லை. சமாதான ஜாமீன் கேட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக அந்தத் தண்டனையின் மேல் அப்பீல் வராது என்று 417-வது பிரிவு சொல்கிறது. 1898-ம் வருஷச் சட்டத்தின் 415-வது பிரிவும் இதையேதான் சொன்னது. நூறு ரூபாய் இன்று ஒரு நாள் கூலிக்குக் காணாது. மூன்று வருஷமோ மூன்று வருஷம்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு இன்னும் மோசம். தண்டனையின் அளவு, அது சட்டப்படி சரியா என்ற இரண்டைத் தவிர வேறெதையும் அவர் அப்பீலில் கிளப்ப முடியாது.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். தண்டனையே இல்லாமல், கலகம் செய்வார் என்ற சந்தேகத்தின் பேரில் ஆர்.டி.ஓ. போன்ற நிர்வாக மாஜிஸ்திரேட் சமாதான ஜாமீன் வாங்குகிறாரே, அது அதிகபட்சம் ஒரு வருஷம். அதன் மேல் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் உண்டு என்று 414-வது பிரிவு தாராளமாகச் சொல்கிறது. ஒரு வருஷக் கயிற்றுக்கு அப்பீல் உண்டு, மூன்று வருஷக் கயிற்றுக்குத் தனி அப்பீல் கிடையாதாம்! அந்த 414-ல் 125-ம் பிரிவு உத்தரவையும் சேர்க்க ஒரு வரி போதும். பார்லிமெண்டில் இதை எழுப்ப வேண்டும் என்று கேட்கிறோம்.

அதுவரை உள்ள வழிகளை விடக் கூடாது. அப்பீல் உள்ள கேஸில், தண்டனையை மட்டும் அல்ல, குற்றத் தீர்ப்பையே எதிர்க்க வேண்டும். தீர்ப்பு ரத்தானால் முச்சலிக்கா தானாகவே செல்லாமல் போகும். அப்பீல் முடியும் வரை ஜாமீன் உத்தரவையும் நிறுத்தி வைக்கும்படி மனுவில் எழுதச் சொல்லுங்கள். வக்கீல்களே சில சமயம் மறந்து விடுகிறார்கள். அப்பீல் கோர்ட் தானே புதிதாக ஜாமீன் கேட்கவும் அதிகாரம் உண்டு என்பதைத் தெரிந்து கொண்டே போக வேண்டும். அப்பீல் இல்லாத கேஸில் செஷன்ஸ் கோர்ட்டுக்கோ ஹைகோர்ட்டுக்கோ 90 நாளுக்குள் ரிவிஷன் போடலாம். மாஜிஸ்திரேட் உத்தரவில் ஜாமீன் கட்ட வழியின்றி உள்ளே இருப்பவருக்காகத் தலைமை ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்தால், தொகையையும் ஆள் எண்ணிக்கையையும் காலத்தையும் அவர் குறைக்கலாம்.

வக்கீல் பீஸுக்கு எங்கே போவது? 1987-ம் வருஷச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவில் ஆலைத் தொழிலாளி, பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. விழுப்புரத்தில் மாவட்ட ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

செஷன்ஸ் கோர்ட் அப்பீலுக்குக் கெடு 30 நாள். தீர்ப்பு நாளன்றே நகலுக்கு மனுப் போட்டு விட வேண்டும். நகல் கிடைக்கப் பிடிக்கும் நாட்கள் கெடுவில் சேராது. ஆனால் மனுவே போடாதவருக்கு அந்தச் சலுகை இல்லை.