கிடுகின் கீழ் வளர்ந்த கன்று

பக்கத்து வீட்டு ராத்தா விறாந்தையில் மிளகாய் நாற்றுப் போட்டிருந்தார். கன்றுகள் நாலைந்து இலை விட்டதும் ஒரு நாள் காலையில் எல்லாவற்றையும் எடுத்து முற்றத்து வெயிலில் நட்டுவிட்டார். மூன்றாம் நாள் இலைகள் திட்டுத் திட்டாக வெளுத்துப் போயின. "தண்ணியும் ஊத்தினேன் தானே, ஏன் புள்ள இப்படி?" என்று கவலையோடு கேட்டார். நோய் என்று எண்ணி, தெளிப்பதற்கு மருந்தும் வாங்கி வைத்திருந்தார்.

அது நோயல்ல, வெயில் செய்த வேலை. செடிக்கு உணவூட்டும் வெயில் செடியைச் சுடுமா என்று நீங்கள் கேட்கலாம். சுடும்.

இலையிலுள்ள பச்சையம் ஒளியைப் பிடிக்கின்றது. அந்தச் சக்தியைக் கொண்டு நீரையும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து இலை மாப்பொருள் ஆக்குகின்றது. இதுவே ஒளித்தொகுப்பு. ஆனால் நெல், மிளகாய் போன்ற பல பயிர்களின் இலைகள் நண்பகல் வெயிலின் பாதியளவு ஒளியிலேயே தம் முழு வேகத்தை எட்டிவிடுகின்றன. மிகுதி ஒளி வேண்டாத சுமைதான். சோறு வெந்த பிறகும் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அப்படியே இலைக்குள் மிஞ்சும் சக்தி கேடான ஒட்சிசன் வகைகளை உண்டாக்கி, பச்சையத்தையும் புரதங்களையும் அரித்துவிடுகின்றது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் கூடும். நீர் வற்றாமலிருக்க இலை தன் வாய்களை மூடிக்கொள்கின்றது. அதனால் காபனீரொட்சைட்டு உள்ளே வருவது குறைகின்றது. சமைக்க அரிசியில்லை, அடுப்போ எரிகின்றது.

அப்படியானால் மட்டக்களப்பு வாவிக் கரையில் நிற்கும் கண்டல் மரங்களை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட அந்த வாவியின் ஓரத்தில் தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழ் உவர் நீர். உப்பிலிருந்து நீரைப் பிரித்தெடுப்பது கடினமாகையால் கண்டல் நீரை மிகச் சிக்கனமாகவே செலவிடுகின்றது. ஆகவே அதற்கு ஒளி எப்போதும் மிகுதிதான். எப்படித் தாங்குகின்றது?

முதலாவது, உச்சிக் கிளைகளின் இலைகளை அது ஏறக்குறைய நிமிர்த்தி வைத்திருக்கின்றது. நண்பகல் வெயில் இலையின் முகத்தில் விழாமல் சாய்வாகப் பட்டு நழுவிவிடும். தோட்டத்துக் கௌபி இலைகளும் கடும் வெயிலில் இவ்வாறு சாய்வதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது, நிறம் மாற்றும் தந்திரம். ஒளி மிகும்போது இலையிலுள்ள வயலாசாந்தின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் சில நிமிடங்களில் சியாசாந்தின் என்னும் வேறொன்றாக மாறத் தொடங்குகின்றது. சோளத்துக்கு மஞ்சள் நிறம் கொடுப்பவற்றுள் இதுவும் ஒன்று. இது இருக்கும்போது மிஞ்சிய சக்தி கேடு செய்யாமல் வெறும் வெப்பமாக வெளியேறிவிடும். வெயில் தணிந்தால் பழைய நிலைக்குத் திரும்பும்.

மூன்றாவது, பழுது பார்த்தல். இத்தனைக்குப் பிறகும் டீ1 என்ற புரதம் ஒளியால் சிதைகின்றது. இலை சிதைந்ததைக் கழற்றிப் புதியதைப் பொருத்திக்கொண்டே இருக்கின்றது.

இந்தக் காவலுக்கு ஒரு விலையும் உண்டு. மேகம் மறைத்த பின்னும் இலை சிறிது நேரம் சக்தியை வீணாக்கிக்கொண்டே இருக்கின்றது. இந்தத் தாமதத்தைக் குறைத்த புகையிலைச் செடிகள், வயலில் 14 முதல் 20 சதவீதம் வரை கூடுதலாக வளர்ந்ததை அமெரிக்காவின் இலினொய், பேர்க்லி ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள்.

இனி ராத்தாவின் கன்றுகளுக்கு வருவோம். நிழலில் வளர்ந்த இலை மெல்லியது. காவல் நிறப்பொருள்களும் அதில் குறைவு. தேவைப்படாததை அது சேர்த்து வைக்கவில்லை. ஒரே நாளில் வெயிலுக்கு வந்ததும் தாங்க முடியவில்லை. தண்ணீர் மட்டும் அதைக் காப்பாற்றாது. மருந்தோ வீண் செலவு.

செய்ய வேண்டியது எளிது. நடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் கன்றைப் பழக்குங்கள். முதலில் காலை இளவெயிலில் ஒரு மணித்தியாலம். பின் நாளுக்கு நாள் கூட்டுங்கள். நட்ட பின் சில நாட்கள் நண்பகலில் ஒரு கிடுகைச் சாய்த்து வையுங்கள். வெளுத்த திட்டு மீண்டும் பச்சையாகாது. ஆனால் குருத்து உயிரோடிருந்தால் கன்றைப் பிடுங்காதீர்கள். வெயிலில் பிறக்கும் புது இலை வெயிலுக்குத் தகுந்ததாகவே வரும்.

வாவிக் கரையில் விறகுக்காகப் பெரிய கண்டலை வெட்டுவோரும் இதை எண்ண வேண்டும். மரத்தடி நிழலில் முளைத்திருந்த கன்றுகள் ஒரே நாளில் முழு வெயிலுக்கு வந்துவிடுகின்றன. அவற்றுக்குக் கிடுகு சாய்க்க யாருமில்லை.

ராத்தாவின் ஆறு கன்றுகளில் நான்கு தப்பின. மருந்துப் போத்தல் இன்னும் திறக்கப்படவில்லை.