தோண்டும் மாதங்களுக்கு யார் பொறுப்பு?

வார நாட்களில் 6,000, சனி ஞாயிறுகளில் 8,000. ஏப்ரல் 1 முதல் ஜூன் முடிய நீலகிரிக்குள் வரும் சுற்றுலா வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் விதித்த உச்சவரம்பு இது. இந்த இதழின் நிலை என்ன என்று வாசகர்கள் கேட்டு எழுதுகிறார்கள். வரம்பை ஆதரிக்கிறோம். சீசனில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 11,500 கார்கள், 1,300 வேன்கள், 600 பேருந்துகள், 6,500 இருசக்கர வாகனங்கள் என்று 2024-இல் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கை நாமெல்லாம் பார்த்தோம். அத்தனையையும் தாங்குகிற சாலையை இந்த மலையில் போட முடியாது. முயல்வதே மலைச்சரிவுகளுக்குக் கேடு. சென்னை ஐஐடியும் பெங்களூரு ஐஐஎம்மும் தாங்குதிறன் ஆய்வை முடிக்கும்வரை இடைக்கால வரம்பு ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

இந்த வரம்பை எதிர்த்து 2025 ஏப்ரல் 2-இல் கடைகளை அடைத்த வியாபாரிகள், சுற்றுலா வாகனங்களுக்கான இ-பாஸையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். அதில் நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவர்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை மூன்று மாதத்தில் பார்த்துவிட வேண்டிய தொழில் அவர்களுடையது. வண்டிகளைக் குறைத்துவிட்டு ஆட்களைக் கொண்டுவர வேறு வழி செய்யாவிட்டால் கடைத்தெரு படுத்துவிடும்.

வேறு வழிக்கான இடத்தை உத்தரவே விட்டுவைத்திருக்கிறது. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இந்த வரம்பு இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டருக்கு மலை ரயில் இருக்கிறது. அதில் கல்லாறு–குன்னூர்ப் பகுதி, 12-க்கு 1 சரிவில் பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறுவது, பாரம்பரியச் சின்னமாகவே இருக்கட்டும். அங்கே வேகத்தையும் எண்ணிக்கையையும் கூட்டுவது நடக்காத காரியம். குன்னூருக்கு மேலே கதை வேறு. அதிகபட்சச் சரிவு 25-க்கு 1. பல்சக்கரம் கிடையாது. நான்கு சதவீதச் சரிவு டிராம் வண்டிக்கு ஒரு பொருட்டே இல்லை. லிஸ்பனில் 13 சதவீதத்துக்கு மேல் சாதாரணச் சக்கரப் பிடிப்பிலேயே டிராம் ஏறுகிறது. மீட்டர் கேஜ் என்பதும் தடையாகாது. சூரிச், பாசல், ஜெனீவா நகரங்களின் டிராம்கள் ஓடுவது அதே அகலத்தில்தான். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என ஊர்களும் நிலையங்களும் வரிசையாக இருக்கின்றன. 2005-இல் யுனெஸ்கோ தந்த உலகப் பாரம்பரியத் தகுதி இருப்பதால் மேலே கம்பி இழுப்பது கடினம். பேட்டரியில் ஓடும் இலகு வண்டிகள் போதும். ஒற்றைத் தடத்தில் எதிர்வண்டிக்கு வழிவிடும் லூப்புகளை எங்கே கூட்டலாம் என்பதுதான் உண்மையான பொறியியல் கேள்வி. மலைப்பாதைகளுக்கு ஹைட்ரஜன் ரயில் ஒன்றுக்கு 80 கோடி ரூபாய் என்று 2023-இல் மதிப்பிட்ட ரயில்வேக்கு, குன்னூர்–உதகைத் தடத்தில் அடிக்கடி ஓடும் சிறு வண்டிகளைப் பற்றி யோசிக்கப் பணம் ஒரு காரணமாக இருக்க முடியாது.

சிக்கல் தொடங்குவது வண்டி உதகை நிலையத்தில் நின்ற பிறகு. நிலையத்திலிருந்து மார்க்கெட், கமர்ஷியல் ரோடு வழியாகச் சேரிங் கிராஸ் சுமார் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். தண்டவாளத்தைத் தெருவுக்குள் கொண்டுவருவது ஒரு யோசனை. பேட்டரி மினி பஸ் விட்டு நடைபாதையை அகலப்படுத்துவது இன்னொன்று. எதைத் தேர்ந்தாலும் கமர்ஷியல் ரோட்டைத் தோண்டியாக வேண்டும். சென்னையில் 1895 முதல் 1953 வரை டிராம் ஓடியது. அதன் பிறகு தமிழ்நாட்டில் கடைத்தெரு நடுவே தண்டவாளம் பதித்த அனுபவம் நம்மில் யாருக்கும் இல்லை. போர்ட்லாந்தில் 2001-இல் திறந்த டிராமுக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கே கான்கிரீட் பலகை போட்டார்கள். நிலத்தடிக் குழாய்களில் பெரும்பகுதியைத் தொடாமல், சில தெருத் துண்டுகளாகப் பிரித்து வாரக் கணக்கில் முடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். அதை இங்கே செய்யலாமா என்று பார்க்கும்போது காலண்டர் குறுக்கே நிற்கிறது. ஏப்ரல், மே சீசன். ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன். அதை ஒட்டியே வடகிழக்குப் பருவமழை. பொங்கல் கழிந்து மார்ச் முடிய உள்ள பத்து, பதினோரு வாரம்தான் தோண்டுவதற்கு மிச்சம். டெண்டர் இழுத்து, ஒப்பந்தக்காரர் ஆள் சேர்த்து, சாலை வெட்டும் அனுமதி வாங்குவதற்குள் அந்தப் பத்து வாரமும் கரைந்து, வேலை சீசனுக்குள் புகுந்துவிடும்.

புகுந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பக்கத்தில் நாம் ஆண்டுக்கணக்கில் எழுதி வரும் விஷயம். கடைக்கு முன்னால் நீலத் தகரத் தடுப்பு. தடுப்புக்கும் படிக்கும் நடுவே இரண்டடிப் பள்ளம், அதன்மேல் ஒற்றைப் பலகை. பையைத் தூக்கிக்கொண்டு வருகிற வயதானவர் பலகையைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் விற்கிற கடையில் தூசி படிந்த டப்பாவை யாரும் கையால் தொட மாட்டார்கள். வாடகை, கரண்ட் பில், வேலையாள் சம்பளம், தண்டல்காரருக்குக் கொடுக்க வேண்டிய வட்டி எல்லாம் மாதம் தவறாமல் வரும். வருமானம் மட்டும் வராது. எட்டு மாதத்தில் முடியும் என்று பலகையில் எழுதிய வேலை இரண்டு ஆண்டு இழுத்தால், புது நடைபாதையைப் பார்க்க அந்தக் கடைக்காரர் அங்கே இருக்கமாட்டார். உயர்ந்த வாடகை கொடுக்கக்கூடிய வேறொருவர் இருப்பார். அதைப் புள்ளிவிவரத்தில் புத்துயிர் என்று எழுதுவார்கள்.

இதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது? 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நிலம் எடுத்தால்தான் பேசும். நகராட்சி தன் சாலையைத் தானே தோண்டும்போது எடுப்பும் இல்லை, பாதிக்கப்பட்ட குடும்பமும் இல்லை. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் நடைபாதை வியாபாரியை இடம் மாற்ற 30 நாள் நோட்டீஸ் கேட்கிறது. அது நல்ல சட்டம். அந்த நடைபாதையை ஒட்டி உள்ளே வாடகைக் கடை வைத்திருப்பவருக்கு அதுகூடக் கிடையாது. ஆசிய வளர்ச்சி வங்கியோ உலக வங்கியோ கடன் கொடுத்துத் தோண்டினால், தற்காலிக வருமான இழப்புக்கு உரிமை அட்டவணை போட்டே ஆக வேண்டும். நம் பொறியாளர்களே அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நம் வரிப்பணத்தில் தோண்டினால் அட்டவணை இல்லை. ஒரே தெரு, ஒரே பள்ளம், ஒரே பொறியாளர். கடன் கொடுத்தவர் வெளியே இருந்தால் மட்டும் கடைக்காரர் கண்ணுக்குத் தெரிகிறார்.

நாம் தயாரிக்கும் மதிப்பீடுகளைப் பாருங்கள். யுடிலிட்டி ஷிஃப்டிங்குக்குத் தனித் தலைப்பு உண்டு. கழிவுநீர்க் குழாயை மூன்று அடி நகர்த்தப் பணம் உண்டு, மின்கம்பத்துக்கு உண்டு, வெட்டும் மரத்துக்கு மாற்று நடுவதற்கு உண்டு. அந்தக் குழாயின் மேல் முப்பது ஆண்டாகக் கடை வைத்திருப்பவருக்கு ஒரு வரிகூட இல்லை. இதைச் சேர்க்கச் சொல்லி ஒரு துறைக்கு எழுதினோம். திட்ட வழிகாட்டியில் அப்படியொரு தலைப்பு இல்லை என்று பதில் வந்தது. தலைப்பு இல்லை என்பதால்தானே எழுதினோம். வழிகாட்டியை எழுதியவர்கள் அதே அலுவலகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செய்ய முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. பிரான்சில் டிராம் வேலை தொடங்கும் நகரங்கள் பலவற்றில் நீதிபதி ஒருவர் தலைமையில் சமரச இழப்பீட்டுக் குழு அமைக்கிறார்கள். கடைக்காரர் கணக்கைக் காட்டினால் வழக்கு இல்லாமலே தொகை முடிவாகிறது. லாஸ் ஏஞ்சலஸ் மெட்ரோ சிறு கடைகளுக்கென்றே கட்டுமான இழப்பு நிதி வைத்திருக்கிறது. இங்கே கணக்கு இல்லையே என்பார்கள். ஜிஎஸ்டி கட்டுபவருக்குக் காலாண்டுக் கணக்கு இருக்கிறது; கட்டாத சிறு கடைக்கு முகப்பு அளவை வைத்து மாதம் இவ்வளவு என்று நிலைத்தொகை போடலாம்.

உதகை மார்க்கெட்டில் அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. அங்கே வீட்டுக்காரரே நகராட்சிதான். 2021 ஆகஸ்டில் வாடகை பாக்கிக்காகக் கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். பிறகு பழைய கடைகளை இடித்துக் கட்டம் கட்டமாகப் புதிது கட்டத் தொடங்கினார்கள். பாக்கியை ரூபாய் பைசா சுத்தமாகக் கணக்கிடத் தெரிந்த நிர்வாகத்துக்கு, கடை முகப்பை மறைத்த நாட்களுக்கு வாடகையைக் கழிக்கவும் கணக்குத் தெரியும். தற்காலிகக் கடைக்குப் போனவருக்குப் புதுக் கட்டடத்தில் இடமும் பழைய வாடகையும் எழுத்தில் உறுதியாக வேண்டும். தோட்டத் தொழிலாளியும் பச்சைத் தேயிலை விற்கிற சிறு விவசாயியும் அரிசி பருப்பு வாங்குவது இந்த மார்க்கெட்டில். சுற்றுலாப் பயணி வராவிட்டாலும் ஆண்டு முழுக்க நடக்கிற வியாபாரம் அது. அதையும் தோண்டிக் கெடுத்தபின் எந்த டிராமைக் கொண்டுவந்தும் கடைத்தெருவை நிமிர்த்த முடியாது.

தாங்குதிறன் அறிக்கையை ஒட்டிக் கமர்ஷியல் ரோட்டுக்கு விரிவான திட்ட அறிக்கை கேட்டு டெண்டர் வந்தால், நம் வாசகர்களில் சிலர்தான் அதற்கு விலைப்புள்ளி கொடுக்கப் போகிறீர்கள். ஏலத்துக்கு முந்தைய விளக்கக் கூட்டத்திலேயே மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: வாடகைதாரர் வருமான இழப்புக்கு எந்தத் தலைப்பில், எத்தனை சதவீதம்? ஏப்ரல் 1-க்குள் பள்ளத்தை மூடாத ஒப்பந்தக்காரரிடம் பிடிக்கும் அபராதம் அரசுக் கணக்குக்குப் போகுமா, கடைக்காரருக்குப் போகுமா? வாடகைக் கழிவுக்கு நகர்மன்றத் தீர்மானம் வேலை உத்தரவுக்கு முன் வருமா, பின் வருமா? அவற்றுக்கு வரும் பதில்களை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் துறையின் பெயரோடு அப்படியே வெளியிடுவோம்.