படக்காரருக்குக் கதவடைத்த சர்க்கார்

1944-ல் டச்சு சர்க்கார் யோரிஸ் ஐவன்ஸ் என்ற தன் நாட்டுப் படத் தயாரிப்பாளருக்கு ஒரு பெரிய உத்தியோகம் கொடுத்தது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு, அதாவது இன்றைய இந்தோனேசியாவுக்கு, அவர் திரைப்படக் கமிஷனர். ஐவன்ஸ் யாரென்று சர்க்காருக்குத் தெரியாமலில்லை. 1933-ல் பெல்ஜியத்தில் போரினாஜ் சுரங்கத் தொழிலாளர்களின் பட்டினியை, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் படமெடுத்தவர். 1937-ல் பிராங்கோவின் பாசிசப் படைகளை எதிர்த்து ஸ்பெயின் மக்கள் நடத்திய போரைப் படமெடுத்தவர். ஜப்பானை விரட்ட மக்களின் ஆதரவு தேவைப்பட்ட நேரம் அது. அப்படிப்பட்ட நேரங்களில் ஏகாதிபத்தியவாதிகளின் வாயிலும் ஜனநாயகம் மணக்கும். புதிய இந்தோனேசியா உருவாவதைப் படம் பிடிக்க வேண்டும் என்றார்கள். அவரும் நம்பி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்.

அங்கே பதவி இருந்தது, பட்டம் இருந்தது. தீவுகளுக்குள் கால் வைக்க மட்டும் அனுமதி இல்லை. அமெரிக்க ராணுவத் தலைமை அவரைப் போர்முனைப் பகுதிக்குள் விடவில்லை. அவர் கம்யூனிஸ்டாக இருப்பாரோ என்ற பயம்! கமிஷனர் என்ற பெயரோடு அந்நிய நாட்டில் காத்துக் கிடந்தார். பட்டாவுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறி, "நாளைக்கு வா" என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பிய விவசாயத் தொழிலாளித் தோழருக்கு இந்த நிலைமையை நாம் விளக்கத் தேவையில்லை.

1945 ஆகஸ்ட் 17-ல் இந்தோனேசிய மக்கள் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். டச்சு ஏகாதிபத்தியவாதிகளின் ஜனநாயக வேஷம் அன்றே கலைந்தது. ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் நின்ற தங்கள் கப்பல்களில் துப்பாக்கியும் குண்டும் ஏற்றி, பழைய அடிமைச் சங்கிலியை மறுபடி பூட்டக் கிளம்பினார்கள். ஆனால் சுமை ஏற்ற ஆள் வேண்டுமே! இந்தோனேசிய மாலுமிகள் கப்பலை விட்டு இறங்கினார்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் டச்சுக் கப்பல்களைத் தொட மறுத்தார்கள். சீன மாலுமிகளும் சேர்ந்துகொண்டார்கள்.

இந்திய மாலுமிகளும் சேர்ந்தார்கள். இதை நம் தோழர்கள் மறக்கக்கூடாது. அதே மாதங்களில் பிரிட்டிஷ் ஆட்சி நம் நாட்டுச் சிப்பாய்களைச் சுரபயாவில் இந்தோனேசிய மக்கள்மீது ஏவிவிட்டிருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டே இன்னொரு ஏழை நாட்டைச் சுடவைத்த அதே வேளையில், சிட்னியில் அதே ஏழை வீட்டுப் பிள்ளைகள் "இந்தக் கப்பலை ஓட்டமாட்டோம்" என்றார்கள். பாட்ராஸ் என்ற டச்சுக் கப்பல் இந்திய மாலுமிகளோடு துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. ஒரு சிறு படகில் துரத்திச் சென்ற தோழர்கள், ஒலிகுழாயில் அவர்கள் பாஷையிலேயே கூப்பிட்டு வேலைநிறுத்தத்தைச் சொன்னார்கள். கப்பல் போய்க்கொண்டுதான் இருந்தது. பிறகு கொதிகலனுக்குக் கரி போடுவது நின்றது. பாட்ராஸ் சிட்னிக்குத் திரும்பி வந்தது.

1945 நவம்பரில் ஐவன்ஸ் உத்தியோகத்தை உதறினார். சுதந்திரம் என்று வாக்குக் கொடுத்தவர்கள் துப்பாக்கியோடு போகும்போது அவர்களுக்காகப் படமெடுக்க முடியாது என்பது அவர் நிலை. இப்போது பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. போர் முடிந்த அந்த நாட்களில் படச்சுருள் கிடைப்பதும் குதிரைக் கொம்பு. தொழிற்சங்கத் தோழர்கள் துணை நின்றார்கள். காமிராவை மேரியன் மிஷெல் என்ற பெண் தோழர் பிடித்தார். பாட்ராஸைத் துரத்திய காட்சியை மாலுமிகளே மறுபடி நடித்துக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு நிமிஷப் படம். பெயர் "இந்தோனேசியா அழைக்கிறது". 1946-ல் சிட்னியில் திரையிடப்பட்டது.

படம் முடிந்ததும் காகித யுத்தம் மறுபடி தொடங்கியது. டச்சுக்காரர்கள் கூச்சலிட்டார்கள். ஆஸ்திரேலிய சர்க்கார் படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்டது. தொழிற்கட்சி சர்க்கார்தான்! கொஞ்ச காலத்தில் தடையை எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் ஐவன்ஸை அவர் சொந்த சர்க்கார் விடவில்லை. பாஸ்போர்ட்டை முழுக் காலத்துக்குப் புதுப்பிக்காமல், சில மாதம், சில மாதம் என்று கொடுத்து அலைக்கழித்தது. சிறையில் போட்டால் உலகம் கேள்வி கேட்கும். முத்திரை குத்தாமல் காக்க வைத்தால் யார் கேட்பது?

இதை வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். "உள்ளே செல்போனில் படம் எடுக்கக் கூடாது" என்ற போர்டு தொங்காத மில் எத்தனை? எந்திரத்தில் விரல் போனவனின் கையைப் படம் எடுத்தால், "யார் அனுமதி கொடுத்தது?" என்று முதலில் கேட்கிறார்கள். விரல் போனது எப்படி என்ற கேள்வி அதற்குப் பிறகுதான், அதுவும் சங்கம் கேட்டால்தான். அனுமதி என்ற சொல் வரும் இடத்தில், அதில் கையெழுத்துப் போடுகிறவன் யாருடைய ஆள் என்று பார்க்க வேண்டும். ஐவன்ஸுக்கு ராணுவத் தலைமை அடைத்த கதவை, சிட்னித் துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள் திறந்துவிட்டார்கள். அவர்களிடம் ரப்பர் முத்திரை எதுவும் இருக்கவில்லை.

1949 டிசம்பர் 27-ல் டச்சு சர்க்கார் இந்தோனேசியாவின் மீதான ஆட்சியுரிமையைக் கைமாற்றிக் கொடுத்தது. படக்காரரிடம் சமாதானம் பேச மேலும் முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது. 1985-ல் ஒரு டச்சு மந்திரி அவருக்கு விருது வழங்கி, சரித்திரம் உங்கள் பக்கம்தான் நின்றது என்ற கருத்தில் பேசினார். ஐவன்ஸுக்கு அப்போது எண்பத்தைந்து வயது தாண்டிவிட்டது.