மெஷின் நிற்கட்டும்

ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் சிவகாசியில் காலண்டர் வேலை தொடங்கிவிடும். அடுத்த வருடத்துக்கான மாதிரி ஆல்பத்தை அன்று பூஜை போட்டு வெளியிடுவார்கள். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர்கள் வந்து குவியும். அரசு விடுமுறைப் பட்டியலும் கைக்கு வந்துவிட்டால் கார்த்திகை முழுக்க அச்சகங்களில் இரவு பகல் கிடையாது. அப்படி ஒரு கார்த்திகையில், ஓர் அச்சகத்தில் மேற்பார்வையாளனாக இருந்தபோது நான் எடுத்த முடிவு ஒன்று, இருபது வருடம் கழித்தும் நெஞ்சில் உறுத்துகிறது.

டெய்லி காலண்டர் தாள். மாலை ஆறு மணிக்கு மேல் புரூஃபில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அது ஏழாவதோ எட்டாவதோ கையெழுத்து. பிளேட் ஏறி மெஷின் ஓடத் தொடங்கியதும், முதல் தாள்களில் ஒன்றை விளக்கடியில் பிடித்துப் பார்த்த மெஷின்மேன் என்னைக் கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

"தம்பி, ராகுகாலத்துல ஏதோ இடிக்குது. பத்து நிமிஷம் நிறுத்திட்டு, ஒரிஜினலோட ஒருவாட்டி ஒத்துப் பாத்துக்கிடுவோமா?"

"காலையில பைண்டிங்குக்குத் தாள் போகணும் அண்ணாச்சி. புரூஃப் பாத்துத்தான கையெழுத்துப் போட்டிருக்கு. ஓட்டுங்க."

அவர் ஓட்டினார்.

செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூன்று மணி முதல் நாலரை வரை. ஒரு மாதத்துச் செவ்வாய்க்கிழமைகள் அத்தனையிலும் புதன்கிழமையின் பன்னிரண்டு முதல் ஒன்றரை அச்சாகியிருந்தது. பைண்டிங்கில் தாள் அடுக்கிய ஒரு பெண்தான் கண்டுபிடித்துச் சொன்னார். ஓட்டிய தாள் எல்லாம் கழிவுக்குப் போனது. புது பிளேட், புதுத் தாள், மூன்று நாள் தாமதம். முதலாளி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பாத்துச் சொன்ன ஆளை எதுக்கு ஓட்டச் சொன்ன?" நேரமில்லை என்றுதான் வாயில் வந்தது. சொல்லும்போதே அது பதிலில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து நிமிடம் இல்லாதவனுக்கு மூன்று நாள் எங்கிருந்து வந்தது?

இதை நினைக்கும்போதெல்லாம் ஸ்ரீஹரிகோட்டாவின் ஒரு காலைப் பொழுது கூடவே நினைவுக்கு வரும். 1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் பயணம். திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஏவுவதற்குச் சற்று முன் கணினி இறங்குமுக எண்ணிக்கையை நிறுத்திவிட்டது. கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஏதோ சரியில்லை என்று திரை காட்டியது. உடனிருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, எரிபொருள் கையிருப்பு போதும், போகலாம் என்றார்கள். கணினியை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார் கலாம். முதல் கட்டம் நன்றாகவே எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போனது. ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டுக்கு வேண்டிய அமிலம் வால்வு ஒன்றின் வழியாகக் கசிந்துபோயிருந்தது பின்னர் ஆய்வில் தெரிந்தது. நில் என்று கணினி சொன்னது சரிதான்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் அடுத்து நடந்த பத்திரிகையாளர் சந்திப்புக்கு ஓடிவிடுவார்கள். தோல்விக்குத் தானே பொறுப்பேற்ற இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான், 1980 ஜூலை 18இல் 35 கிலோ ரோகிணி சுற்றுப்பாதைக்குப் போனதும் வெற்றியை அறிவிக்கக் கலாமை முன்னால் அனுப்பினார். பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் என் மனம் நிற்பது அதற்கு முந்தைய அந்தச் சில நிமிடங்களில். பல வருட உழைப்பு, ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட், காத்திருக்கும் அத்தனை கண்கள். அந்த நேரத்தில் நிறுத்து என்று சொல்ல எவ்வளவு பலம் வேண்டும்! போவதென்று மனம் முன்பே முடிவு செய்துவிட்டால், போடுகிற கணக்கும் போகலாம் என்றே விடை தரும். என் புரூஃபிலும் அதுதான் நடந்தது. கலாம் இதை மறைக்கவில்லை, வாழ்நாளெல்லாம் மேடைகளில் சொன்னார் என்பதால்தான் நாம் இன்று அதிலிருந்து கற்க முடிகிறது.

நாற்பது வருடம் கழித்து, அதே ஸ்ரீஹரிகோட்டா. 2019 ஜூலை 15 அதிகாலை 2.51க்குச் சந்திரயான்-2 கிளம்ப வேண்டும். குடியரசுத் தலைவரே பார்க்க வந்திருந்தார். நாடு தூங்காமல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. 56 நிமிடம் 24 வினாடி மிச்சமிருந்தபோது எண்ணிக்கை நின்றது. தொழில்நுட்பக் கோளாறு, இன்று இல்லை என்றார்கள். அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து ஜூலை 22 பிற்பகல் 2.43க்கு ராக்கெட் ஒழுங்காகப் போனது. இழந்த நாள்களைப் பயணத் திட்டத்தை மாற்றி ஈடுகட்டினார்கள். செப்டம்பரில் லேண்டர் நிலவில் மோதியது வேறு காரணத்தால். ஆனால் அன்று போன சுற்றுக்கலம் தொடர்ந்து வேலை செய்தது. 2023இல் சந்திரயான்-3 இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க அது எடுத்த படங்கள் உதவின. அந்த ஒரு வாரத்தை வீணான காலம் என்று யார் சொல்வார்கள்?

நேரத்தைக் கையாள்வது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் எத்தனை வேலையை அடைக்கலாம் என்றே சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. திருக்குறளில் காலமறிதல் 49ஆம் அதிகாரம். தெரிந்து செயல்வகையும் வலியறிதலும் அதற்கு முன்னால், 47இலும் 48இலும் இருக்கின்றன. ஆராய்ந்து, பலம் பார்த்து, அப்புறம்தான் காலம். நாம் கடிகாரத்தை முதலில் வைத்துவிட்டோம்.

அந்தக் கார்த்திகைக்குப் பிறகு நான் வேலையை இரண்டாகப் பார்க்கப் பழகினேன். நாளைக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு ஒன்று. யாருக்கு எந்த ஷிப்ட், எந்த வேலை முதலில் என்பதெல்லாம் அந்த வகை. அவற்றை நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். தப்பானால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். இன்னொன்று, திரும்பப் பெற முடியாதது. ஓட்டிய தாளை மறுபடி வெள்ளைத் தாளாக்க முடியாது. அச்சுக்குப் போகலாம் என்ற கையெழுத்தை அதற்கப்புறம் மாலையில் நான் போட்டதே இல்லை. காலையில், டீ குடித்துவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டு, இன்னொரு ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லித்தான் போட்டேன். பல அலுவலகங்களில் இது தலைகீழாக நடப்பதைப் பார்க்கிறேன். சுற்றறிக்கையின் ஒரு வார்த்தைக்கு இரண்டு மணி நேரக் கூட்டம். வருடக்கணக்கில் கட்டிப்போடும் ஒப்பந்தத்துக்கு வாசல்படியில் கையெழுத்து.

கூடவே இன்னொன்றும் செய்தேன். மெஷினை நிறுத்த யாரும் என்னைக் கேட்க வேண்டாம் என்று எல்லாரிடமும் சொன்னேன். சந்தேகம் வந்தால் ஹெல்பர் பையன்கூட நிறுத்தலாம். காரணம் இல்லாமல் நின்றிருந்தாலும் திட்டு கிடையாது. முதல் மாதம் ஒருவரும் நிறுத்தவில்லை, பயம். முதன்முதலாக நிறுத்தியவர் அந்த அண்ணாச்சிதான். அன்று தாளில் தப்பு எதுவும் இல்லை. "இல்லாம இருந்தா நல்லதுதான அண்ணாச்சி" என்றேன். அதன் பிறகு மற்றவர்களும் நிறுத்தத் தொடங்கினார்கள்.

நாளைக்கு உங்களிடமும் யாராவது வந்து, ஒருவாட்டி பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம். உங்களைவிடச் சம்பளம் குறைந்தவராக, பேசத் தயங்குகிறவராக இருப்பார். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். எழுந்து அவரோடு போய்ப் பாருங்கள்.