ஓட்டத்திற்கும் ஓர் எல்லை உண்டு

அம்மையார்குப்பத்தின் மார்கழிப் பனியில், சுப்ஹு தொழுததும் நம் சகோதரர்கள் சிலர் திருத்தணிச் சாலையில் ஓடிப் பழகுகின்றனர். ஜனவரியில் நடைபெறும் சென்னை மராத்தானே அவர்களின் இலக்கு. இதனை நாம் வரவேற்கிறோம். நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் நடத்தியதை அபூதாவூதில் காண்கிறோம்.

ஆயினும், 42.195 கிலோமீட்டருக்கான பயிற்சி வாரந்தோறும் பல மணி நேரத்தை விழுங்கும். அந்நேரம் யாருடையது? காலையில் மதரஸாவுக்குத் தாமதமாக வந்த ஒரு பிள்ளையிடம் காரணம் கேட்டோம். "அத்தா ஓடப் போயிருக்காங்க, உம்மா தனியா இருக்காங்க" என்றது.

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் மனைவிக்கும் உரிமை உண்டென நபியவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்திற்கே எல்லை உண்டெனில், ஓட்டத்திற்கு இல்லையா?

வார நாள்களில் அரைமணி நேரம் போதும். நீண்ட ஓட்டம் ஞாயிறன்று மட்டும் இருக்கட்டும். அன்று மாலை பிள்ளைகள் உங்கள் பொறுப்பு. மனைவியும் நடைப்பயிற்சிக்குச் செல்லட்டும். குறைவாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்பதை நாம் அறிவோம்.

மராத்தான் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். ஓட்டத்தின் நடுவே சுப்ஹு நேரம் வரும். சாலையோரம் ஒதுங்கி, தொழுதுவிட்டு ஓடுங்கள். சில நிமிடங்கள் பிந்துவது இழப்பன்று. வீட்டாரின் மனநிறைவோடு ஓடி முடிப்பதே வெற்றி, இன்ஷா அல்லாஹ்.